எட்டுப் பேருக்கு ஒரு பெயர்

என் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அது நான்தான் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊரில் அந்தப் பெயரில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் எட்டுப் பேர்.

மதுரைக்கு மேற்கே கண்மாயும் மானாவாரிக் காடுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. எங்கள் பங்காளி வகையறாவில் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும். ஒரு தலைமுறைக்குக் குலசாமியின் பெயர் வரும். அடுத்த தலைமுறைக்கு அந்தச் சாமிக்குக் காவல் நிற்கும் தெய்வத்தின் பெயர் வரும். இந்த இரண்டும்தான் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. அதனால் எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அப்பா பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று.

ஊருக்குள் இதனால் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் மிலிட்டரிக்காரர். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுது பார்ப்பவன் மோட்டார்க்காரன். அரசுப் பேருந்து ஓட்டுபவர் டிரைவர். கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் ஆலைக்குப் பத்தொன்பது வருடமாகப் போய்வருகிற நான் கம்பெனிக்காரன். தபால்காரர்கூடக் கடிதத்தைப் பிரிக்காமலேயே யாருக்கு வந்தது என்று சொல்லிவிடுவார். பாங்குக் கடிதம் என்றால் டிரைவருக்கு, பென்ஷன் கடிதம் என்றால் மிலிட்டரிக்காரருக்கு. எனக்குக் கடிதமே வராது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். வாசிக்கவும் எழுதவும் பிடிக்கும். பேசத்தான் வராது. பேருந்தில் எங்கள் நிறுத்தம் வரும்போது "இறங்கணும்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்த நாட்கள் உண்டு. வீட்டில் கேட்டால் காலாற நடந்தேன் என்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆலையில் முகம் பார்த்து வருகையைப் பதியும் இயந்திரத்தை வைத்தார்கள். அதற்கு முன்னால் விரல் ரேகை இயந்திரம் இருந்தது. சூடான மூடிகளை அள்ளி அள்ளி என் விரலில் ரேகை தேய்ந்து போனதால் அது என்னை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. புது இயந்திரம் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு பெண் குரலில் "நன்றி" என்று சொல்லும். தினமும் காலையில் எனக்கு நன்றி சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பிறகு ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் ஒரு கேமரா வந்தது. அதன் பின்னால், தொழிலாளர்கள் எல்லோரும் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஏதோ பெரிய கம்பெனி எங்கள் மூடிகளை வாங்கப்போகிறதாம், அவர்கள் கேட்கிறார்களாம்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் ஊர், அதன் கீழே ஒரு வரி: குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது.

அந்தத் தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். மேனேஜர் என்னைவிட இருபது வயது சின்னவர். நல்ல பிள்ளை.

"என்னண்ணே இது, ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காத ஆளு, உங்க மேல கேசா?"

"எனக்கே தெரியலை தம்பி."

"மாசக் கடைசி வரைக்கும் டயம் தாரேன். கிளியர் பண்ணிட்டு வந்துருங்க. இல்லேன்னா கேட்டுக்குள்ள விட வேணாம்னு மேல சொல்லிருக்காய்ங்க. என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

மாதக் கடைசிக்கு இருபத்து மூன்று நாட்கள் இருந்தன.

பக்கத்து மெஷினில் நிற்பவன் எனக்குத் தூரத்து உறவு. விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனான்.

"மாப்ள, முதலாளி மேலயே ரெண்டு கேஸ் ஓடுது. அவருகிட்ட எவன் சர்ட்டிபிகேட் கேட்டான்?"

"மெதுவாப் பேசு. மேல கேமரா இருக்கு."

"அதுக்குக் கண்ணு மட்டுந்தான் மாப்ள, காது கெடையாது."

"காதும் இருக்குங்கிறாய்ங்க."

அவன் தலையைத் தூக்கி கேமராவைப் பார்த்தான். அன்று முழுவதும் இரண்டு பேரும் சைகையிலேயே வேலை பார்த்தோம்.

அடுத்த நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காவல் நிலையம் போனேன். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவை. எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்த பிறகுதான் உள்ளே போகக் கால் வந்தது. எழுத்தர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான இருக்கு. சாலை மறியல். நீயும் இன்னும் பதினோரு பேரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கண்மாய் பொட்டலாகக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, மடையை மட்டும் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே குடத்தோடு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. நான் உட்காரவில்லை. வம்பு எதற்கு என்று அன்று காலையிலேயே மனைவியை அழைத்துக்கொண்டு அவள் ஊரில் நடந்த ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், எங்களைக் கட்டாயம் வரச் சொல்லி யாரும் அழைக்காத காதுகுத்து அது.

"ஐயா, அன்னைக்கு நான் ஊர்லயே இல்லைங்க. காதுகுத்துக்குப் போயிருந்தேன்."

"சாட்சி?"

"சொந்தக்காரங்க இருக்காங்க."

"சொந்தக்காரன் நீ நெலாவுக்குப் போனேன்னுகூடச் சொல்லுவான்யா."

அவர் என்னை சப்-இன்ஸ்பெக்டரிடம் அனுப்பினார். சப்-இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான். அன்று போலீஸ் வேனின் மேல் நின்று எடுத்த வீடியோவைத் தன் போனில் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் ஒருவன் பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, காலிக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றான். குடம் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. பின்னால் இருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வீடியோவில் நன்றாகக் கேட்டது. அந்தப் பெயரை வைத்துத்தான் வழக்கில் எழுதியிருக்கிறார்கள். அப்பா பெயரும் முகவரியும் வேண்டுமே என்று வாக்காளர் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் என் வீட்டுக் கதவு எண் இருந்திருக்கிறது.

"இது நீயா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப யாரு?"

மோட்டார்க்காரன். அந்தத் துண்டும் அந்தத் தோளும் எனக்குத் தெரியாதா? எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன், பெரியப்பா வழியில் தம்பி முறை. ஏழெட்டு முறை என் கிணற்று மோட்டாரை மேலே தூக்கிப் பழுது பார்த்திருக்கிறான்.

"தெரியலைங்க ஐயா."

"உங்க ஊர்க்காரன உனக்குத் தெரியாதா? இங்க பாரு, அந்த ஆளக் காட்டிக் குடு. உன் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டு அனுப்பிர்றேன். அஞ்சு நிமிசச் சோலி."

அவன் பெயரும் என் பெயரும் ஒன்றுதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடியும் தெரியாது என்றேன்.

வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறியல் நடந்த அதே சாலை. மறியலுக்கு அடுத்த மாதம் ஒரு பெரிய மனிதருக்கு வரவேற்பு கொடுக்கிறோம் என்று அதே இடத்தில் மேளமும் மாலையுமாகப் பாதி நாள் அடைத்து வைத்தார்கள். ஒரு ஆம்புலன்ஸ் கூட நின்றது. போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து நின்று கூட்டத்துக்கு வழிவிட்டார்கள். அதற்கும் வேன் மேல் ஏறி யாராவது வீடியோ எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. வழக்கு இல்லை என்பது தெரியும்.

இன்னொன்றும் மனதை அரித்தது. மறியல் முடிந்த நான்காம் நாள் மடை திறந்தார்கள். கண்மாய் நிறைந்தது. அந்த வருடம் என் முக்கால் ஏக்கரிலும் நெல் விளைந்தது. காதுகுத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தவனுடைய வயலுக்கு, குடம் தூக்கி நின்றவன் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

பத்து நாட்கள் போயின. மோட்டார்க்காரன் எதிரே வந்தால் நான் வேறு தெருவில் திரும்பினேன். ஆலைக்குப் போகிற வழியில் கம்பங்களில் இருக்கிற கேமராக்கள் ஒவ்வொன்றும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. பைக்கில் போன ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கடைக்குள் போய் வெற்றிலை வாங்கினேன். கடைக்காரம்மா, "என்னண்ணே, திருட வந்தீங்களா?" என்று கேலி செய்தார். கேலிதான். இருந்தாலும் மீதிச் சில்லறையை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன்.

மனைவிக்குக் கோபம் பொறுக்கவில்லை.

"இந்தா பாருங்க, அவந்தான்னு உங்களுக்குத் தெரியுது. சொன்னா என்ன? நம்ம சோத்துல மண்ணு விழுந்தா அவனா வந்து ஒலை வைப்பான்?"

"அவனுக்கும் ரெண்டு பிள்ள இருக்கு."

"நமக்கு இல்லையாக்கும்?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார்க்காரனே வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டே கேட்டான்.

"என்னண்ணே, என்னையக் கண்டா அங்கிட்டுத் திரும்பி ஓடுறீங்க? போன தடவ மாட்டுன மோட்டாரு தண்ணி எடுக்கலையா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. உள்ள வா."

அடுப்படியில் இருந்து மனைவி கொட்டித் தீர்த்துவிட்டாள். சான்றிதழ், வீடியோ, பச்சைத் துண்டு, மாதக் கடைசி, எல்லாவற்றையும். அவன் முதலில் சிரித்தான். "கொடத்தைத் தூக்குனா மூஞ்சி மறையும்னு நெனச்சேன், உங்க மூஞ்சியில்ல மாட்டிக்கிச்சு" என்றான். பிறகு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இம்புட்டு நாளா ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"நாளைக்கே போறேன். நாந்தான்னு சொல்லிட்டு வாரேன்."

அப்போது மிலிட்டரிக்காரர் தெருவில் போய்க்கொண்டிருந்தார். மனைவி அவரையும் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அவர் எப்போதும் நின்றபடிதான் கேட்பார்.

"ஒத்தையாப் போவாதடா. ஒத்தையாப் போனா ஒன்னைய உள்ள வச்சுக்கிட்டு, இவன் பேரையும் எடுக்க மாட்டாய்ங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, எதை எடுக்குறது எதை விடுறதுன்னு அவிய்ங்களுக்கே தெரியாது. எட்டுப் பேரும் போவோம்."

"எட்டுப் பேருமா?"

"பேரு எட்டுப் பேருக்கும் சொந்தந்தானப்பா."

மனுவை எழுதும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தது அப்படியே நினைவில் இருந்தது. இடது பக்கம் அனுப்புநர், அடுத்துப் பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. அனுப்புநர் என்ற இடத்தில் எட்டு வரி எழுதினேன். எட்டு வரியிலும் ஒரே பெயர். பக்கத்தில் பிறந்த தேதி, தொழில், கதவு எண். உள்ளே, மறியல் நடந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்பதை எழுதினேன். கட்டாயம் போக வேண்டிய விசேஷம் இல்லை என்பதை எழுதவில்லை. நான்கு முறை அடித்துத் திருத்தி, ஐந்தாவது முறை நல்ல கையெழுத்தில் எழுதினேன். மிலிட்டரிக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, "வாயில வராதது பூராம் கையில வருதே உனக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். வாசலில் பாரா நின்ற காவலர் மறித்தார்.

"என்ன கூட்டம்? எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல. மனு குடுக்க வந்திருக்கோம்" என்றார் மிலிட்டரிக்காரர்.

"பேரு?"

அவர் சொன்னார். காவலர் நோட்டில் எழுதினார். அடுத்து டிரைவர் சொன்னார். காவலர் எழுதப் போய் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது ஆள் சொன்னபோது பேனாவை மூடினார்.

"என்ன, நக்கலா?"

"ஆதாரைப் பாத்துக்கங்க சார்" என்றார் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்து கூப்பிட்டார். அந்த நிலையத்துக்குப் புதிதாக வந்தவர். அவர் மேசையில் எட்டு ஆதார் அட்டைகளையும் சீட்டு பரப்புவது போல் வைத்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் மீசை லேசாக அசைந்தது.

"ஏன்யா, உங்க ஊர்ல வேற பேரே கெடைக்கலையா?"

"கெடைக்கும் சார். சாமி கோவிச்சுக்கும்" என்றார் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டரும் எழுத்தரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது மோட்டார்க்காரன் முன்னால் வந்தான்.

"வீடியோவுல நிக்கிறது நாந்தான் சார். தண்ணி கேட்டேன். அதை அப்படியே எழுதிக்கங்க. அண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. அவரை விட்டுருங்க."

"அன்னைக்கு நானும் உக்காந்தேன். என் பேரையும் எழுதிக்கங்க" என்றார் மிலிட்டரிக்காரர். "நானும்" என்றார் டிரைவர். இன்னும் மூன்று பேர் "நானும்" என்றார்கள்.

"ஒரே பேர ஆறு தடவ எழுதச் சொல்றீங்களாக்கும்?"

"எழுதுங்க சார். அப்படியே, அடுத்த மாசம் அதே ரோட்ட மறிச்சு மாலை போட்டாய்ங்களே, அந்தக் கேசு எந்த நம்பருன்னும் பாத்துச் சொல்லுங்க" என்றார் மிலிட்டரிக்காரர்.

இன்ஸ்பெக்டர் அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் மனுவைக் கையில் எடுத்தார். "அது நான் வாரதுக்கு முந்தி" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, இரண்டு பேருடைய பிறந்த தேதியையும் கதவு எண்ணையும் ஒப்பிட்டுத் திருத்தத்துக்கு எழுதச் சொன்னார். "பாத்து அனுப்புறோம், போங்க" என்றார்.

எல்லோரும் கிளம்பினார்கள். நான் நகரவில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"ஐயா, மனு ரசீது வேணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீதான் அந்த ஆளா? பேசவே மாட்டேன்னு நெனச்சேன்." எழுத்தர் ரசீது போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மோட்டார்க்காரன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

சான்றிதழ் மாதக் கடைசிக்குள் வரவில்லை. முதல் தேதி காலையில் ஆலைக்குப் போனேன், கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாட்கள் வீட்டில் இருந்தேன். மனைவி வழக்கம்போல் காலையில் தூக்குவாளியில் சோறு கட்டி வைத்தாள். அது ஏசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மோட்டார்க்காரன் அந்த ரசீதைக் காட்டி இரண்டு முறை நிலையத்துக்குப் போய் நினைவுபடுத்திவிட்டு வந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் போனில் செய்தி வந்தது. வழக்கு ஏதும் இல்லை என்று ஒரே வரி. அடுத்த நாள் காலை அந்த முகம் பார்க்கும் இயந்திரத்தின் முன் நின்றேன். ஒன்றுமே நடக்காதது போல "நன்றி" என்றது. பக்கத்து மெஷின்காரன் கேமராவைப் பார்த்தபடியே சத்தமாக, "வா மாப்ள" என்று கையைத் தட்டினான்.

முழுதாக நம்பிக்கை வரவில்லை. கம்ப்யூட்டரின் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன். என் பிறந்த தேதியில், என் கதவு எண்ணில் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இல்லை என்று பதில் வந்தது. அந்த உறையைத் தபால்காரர் நீட்டியபோது, "இது யாருக்கு?" என்று முதல் முறையாகக் கேட்டார். "எனக்குத்தான்" என்றேன்.

மோட்டார்க்காரன் மீதான வழக்கு இன்னும் நடக்கிறது. மற்ற ஐந்து பேரை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ளவில்லை. வாய்தா தேதிகளில் அவனோடு நானும் நீதிமன்றத்துக்குப் போகிறேன். இலவச சட்ட உதவியில் கிடைத்த ஒரு வக்கீலம்மாதான் வாதாடுகிறார். இந்த மாதிரி வழக்குகளை அரசாங்கமே திரும்பப் பெறவும் வாய்ப்பு உண்டு என்கிறார். எங்கள் மனுவை எல்லோருக்கும் காட்டுவார். "அனுப்புநர்னு போட்டு எட்டு வரியா, எங்க படிச்சீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்.

போன வாய்தாவில் ஒன்று நடந்தது. ஏதோ தாளுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்று மோட்டார்க்காரன் கீழே போயிருந்தான். மாடி வராந்தாவில் நான் தனியாக நின்றேன். நீதிமன்ற டவாலி வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். எங்கள் பெயர். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டு ஆள் இல்லை என்றால் வாரண்டு போட்டுவிடுவார்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். வராந்தா நிறைய ஆட்கள், கறுப்புக் கோட்டுகள், போலீஸ்.

"இருக்காரு ஐயா! இந்தா வாராரு!"

கத்தியது நான்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டவாலி என்னிடம் வந்தார்.

"நீங்க யாரு?"

என் பெயரைச் சொன்னேன்.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்கதான? உள்ள வாங்க."

"இல்லைங்க, நான் இன்னொருத்தன். அந்த ஆளு படியில வாராரு, பாருங்க."

மோட்டார்க்காரன் ஜெராக்ஸ் தாளை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்துகொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் நல்ல கூட்டம். எங்கள் நிறுத்தத்திலேயே இறங்கினோம். அன்று சத்தம் போட்டது மோட்டார்க்காரன்தான். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.